மம்மி கார்ட்டூன் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகள்

அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு மம்மி. வெளியே இடி, மின்னல். சட்டென்று கண் விழிக்கிறான் ஒரு சிறுவன் அரசன். கூடவே பேசும் பூனை, துரத்தும் காவலர், யாரோ திருடப் பார்க்கும் செங்கோல். எகிப்திய மம்மியை இந்தக் காலத்துக்குக் கொண்டுவரும் குழந்தைகளுக்கான அனிமேஷன் சாகசங்கள் பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் ஓடுகின்றன. படம் முடிந்ததும் கேள்விகள் தொடங்கும். வீட்டிலும் வகுப்பிலும் பதில் சொல்ல உதவும் என்று அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். கடைசிப் பகுதியில் ஆப்பிள் மம்மி செய்முறையும், மாறுவேடப் போட்டிக்கு உடை தைக்கும் முறையும் இருக்கின்றன.

மம்மி என்றால் அம்மா இல்லையா?

தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அதனால் சின்னப் பிள்ளைகள் முதலில் குழம்புவது இங்கேதான். எகிப்து மம்மியின் பெயர் வந்த வழி வேறு. பாரசீகத்தில் ‘மூம்’ என்றால் மெழுகு. அதையொட்டிய ‘மூமியா’ என்ற அரபுச் சொல் தார் போன்ற நிலக்கீலைக் குறித்தது. பதப்படுத்திய உடல்களின் மேல் பிசின் பூசியிருப்பார்கள். அது காலப்போக்கில் கறுத்துவிடும். பின்னால் வந்தவர்கள் அதை நிலக்கீல் என்று நினைத்துக்கொள்ள, பெயர் ஒட்டிக்கொண்டது. எகிப்தியர் தங்கள் மொழியில் ‘சாஹ்’ என்றார்கள்.

உண்மையில் மம்மி எழுந்து நடக்குமா?

நடக்காது. மூளையும் ஈரலும் நுரையீரலும் குடலும் எடுக்கப்பட்டு, தசை முழுக்க வற்றிப்போன உடல் அது. கார்ட்டூனில் வருவதுபோல் கைகால்களைத் தனித்தனியே சுற்றி, நடக்க வசதியாக விட்டுவைக்கவும் மாட்டார்கள். நல்ல முறையில் செய்த மம்மியில் விரல்களைத் தனித்தனியாகச் சுற்றுவார்கள், பிறகு கைகால்களை, கடைசியில் இரண்டு காலையும் சேர்த்து முழு உடலையும் ஒரே பொதியாகக் கட்டிவிடுவார்கள். கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு வருவது சினிமாவின் கற்பனை. ‘புதிய அரசு’ எனப்படும் காலகட்டத்து (சுமார் கி.மு. 1550 முதல் 1070 வரை) மன்னர்களின் கைகள் மார்பின் மேல் குறுக்காக மடிந்திருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்றைக் கதைகள் தலைகீழாக்கிவிடுகின்றன. செத்தவர் இந்த உலகத்தில் எழுந்து உலாவ வேண்டும் என்பதற்காக எகிப்தியர் மம்மி செய்யவில்லை. மறுவுலகில் நன்றாக வாழ வேண்டும் என்பதற்காகச் செய்தார்கள். மனிதத் தலையும் பறவை உடலும் கொண்ட ‘பா’ என்ற ஆன்மா பகலில் வெளியே பறந்துவிட்டு இரவில் உடலுக்குத் திரும்பும் என்பது நம்பிக்கை. திரும்பி வர அடையாளம் தெரிய வேண்டுமே, அதற்குத்தான் இத்தனை பாடு. உயிர்ப்பிக்க மின்னலும் தேவைப்படவில்லை. ‘வாய் திறப்பு’ என்று ஒரு சடங்கு இருந்தது. தச்சர் பயன்படுத்தும் வாய்ச்சி போன்ற கருவியால் பூசாரி மம்மியின் வாயைத் தொடுவார். இறந்தவர் மறுவுலகில் உண்ணவும் பேசவும் அது போதும்.

மம்மியை எப்படிச் செய்தார்கள்?

கருவாடு, உப்புக்கண்டம் போடுவதைப் பார்த்தவர்களுக்குப் பாதி விடை தெரியும். அழுகலுக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீரை எடுத்துவிட்டால் அழுகல் நின்றுவிடும். மீனின் வயிற்றை முதலில் சுத்தம் செய்வது ஏன்? குடலில்தான் கிருமிகள் அதிகம், அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும். எகிப்தியரும் அதையேதான் செய்தார்கள், இன்னும் நுணுக்கமாக.

மொத்த வேலைக்கு 70 நாள். உடலைக் கழுவியதும் மூக்கு வழியாக வெண்கலக் கொக்கியை விட்டு, மூளைக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள மெல்லிய எலும்பை உடைப்பார்கள். மூளை துண்டு துண்டாகக் கொக்கியில் மாட்டி வரும் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1994-ல் அமெரிக்காவின் மேரிலாந்தில் பாப் பிரையரும் ரொனால்டு வேடும், அறிவியலுக்கென்று தானமாக வந்த ஓர் உடலைப் பழைய முறைப்படியே பதப்படுத்திப் பார்த்தார்கள். கொக்கியில் எதுவும் மாட்டவில்லை. உள்ளே விட்டுக் கலக்கிக் கூழாக்கி, உடலைக் கவிழ்த்து வடித்தால்தான் மூளை வெளியே வந்தது.

அடுத்து இடது விலாவுக்குக் கீழே ஒரு கீறல். அதன் வழியாக ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் எடுப்பார்கள். இதயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். சிந்திப்பதும் நினைவில் வைப்பதும் இதயம்தான் என்பது அவர்கள் எண்ணம். மூளையை ஒரு பொருட்டாகவே கருதவில்லை, தூக்கி எறிந்துவிட்டார்கள்.

இனி உப்பு. சாதாரண உப்பு அன்று, நேட்ரான். கெய்ரோவுக்கு வடமேற்கே வாதி நத்ரூன் என்ற பள்ளத்தாக்கில் ஏரி வற்றும்போது படியும் கலவை இது. சோடியம் கார்பனேட், சோடியம் பைகார்பனேட், கொஞ்சம் சாப்பாட்டு உப்பு, கொஞ்சம் சோடியம் சல்பேட் எல்லாம் சேர்ந்திருக்கும். சிறு துணிமூட்டைகளில் கட்டி வயிற்றுக்குள் அடைத்து, வெளியே உடல் மறையும்வரை குவித்து, சுமார் 35 முதல் 40 நாள் விட்டுவிடுவார்கள். சில புத்தகங்களில் உப்புக் கரைசலில் ஊறவைத்ததாகப் படம் போட்டிருக்கும், அதை நம்ப வேண்டாம். பழைய கிரேக்கக் குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த பிழை அது. உலர்ந்த நேட்ரான்தான் சரியாக வேலை செய்கிறது. மேரிலாந்து சோதனையில் 35 நாளில் உடல் எடையில் பாதிக்கும் மேல் போய்விட்டது.

உலர்ந்த உடல் விறைத்து, சுருங்கி, கறுத்திருக்கும். எண்ணெயும் பிசினும் பூசி, குழிந்த இடங்களில் துணியும் மரத்தூளும் அடைத்து உருவம் கொடுப்பார்கள். நான்காம் ராம்செஸ் மன்னரின் கண்குழிகளில் வைத்திருந்தது சின்ன வெங்காயங்களை. வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

சுற்றுவதற்குச் சுமார் 15 நாள். துணி பருத்தி அன்று, ஆளிச்செடி நாரில் நெய்த லினன். பெரும்பாலும் வீட்டில் பழசான துணியைக் கிழித்தே பயன்படுத்தினார்கள். அடுக்குக்கு அடுக்கு பிசின் தடவி ஒட்டி, இடையிடையே தாயத்துகளைச் செருகுவார்கள். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள வாஹ் என்ற அதிகாரியின் மம்மியில் மட்டும் சுமார் 375 சதுர மீட்டர் துணி இருந்தது. ஏறக்குறைய அறுபது புடவை.

ஜாடிகளில் இருப்பது என்ன? அதில் மூளை இருக்குமா?

மூளை இருக்காது; கார்ட்டூன்கள் அடிக்கடி செய்யும் தவறு இது. எடுத்த நான்கு உறுப்புகளுக்கு நான்கு ஜாடி, ஒவ்வொன்றுக்கும் ஹோரஸ் கடவுளின் ஒரு மகன் காவல். மனிதத் தலை மூடி போட்டது இம்செத்தி, ஈரலுக்கு. பபூன் குரங்குத் தலை ஹாப்பி, நுரையீரலுக்கு. நரித் தலை துவாமுத்தெஃப், இரைப்பைக்கு. பருந்துத் தலை கெபெசெனூஃப், குடலுக்கு. பின்னாளில், 21-ஆம் அரசமரபில், உறுப்புகளையும் உலர்த்தித் துணியில் சுற்றி உடலுக்குள்ளேயே திருப்பி வைக்கத் தொடங்கினார்கள். ஆனாலும் ஜாடி வைக்கும் பழக்கம் விடவில்லை. உள்ளே ஒன்றுமில்லாத ஜாடிகள் வரிசையாக நின்றன.

சிறுவனாக ஒரு பார்வோன் உண்மையிலேயே இருந்தானா?

இருந்தான். துட்டன்காமுன் கி.மு. 14-ஆம் நூற்றாண்டில் எட்டு ஒன்பது வயதில் அரியணை ஏறி, சுமார் ஒன்பது ஆண்டு ஆட்சி செய்து, 18 அல்லது 19 வயதில் இறந்தவன். கார்ட்டூன்களின் சிறுவன் அரசர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இவனுடைய நகல்கள். தலையில் அடித்துக் கொன்றார்கள் என்ற பழைய கதை 2005-ல் எடுத்த சி.டி. ஸ்கேனோடு முடிந்தது. தொடை எலும்பில் முறிவு இருந்ததை அந்த ஸ்கேன் காட்டியது. 2010-ல் வெளிவந்த மரபணு ஆய்வு மலேரியாவின் தடயத்தைக் கண்டது. எதனால் இறந்தான் என்பதில் இன்றும் ஒருமித்த முடிவு இல்லை.

லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில் உள்ள அரசர் பள்ளத்தாக்கில் அவன் கல்லறையின் முதல் படிக்கட்டைத் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டரின் குழு கண்டது 1922 நவம்பர் 4 அன்று. உள்ளே 5,398 பொருள்கள். எல்லாவற்றையும் பதிவு செய்து வெளியே எடுக்கச் சுமார் பத்தாண்டு ஆயிற்று. தங்க முகமூடி 10 கிலோவுக்குச் சற்று மேல், உள் சவப்பெட்டி 110 கிலோ தங்கம். பிள்ளைகளுக்கு தங்கத்தைவிட உஷப்தி பொம்மைகள் பிடிக்கும். மறுவுலகில் யாராவது வேலை சொன்னால் நமக்குப் பதிலாக எழுந்து செய்யும் குட்டிப் பணியாள்கள் அவை. துட்டன்காமுனுக்கு 413. கணக்கு இதுதான்: நாளுக்கு ஒருவராக 365 பேர், எகிப்திய வாரத்துக்குப் பத்து நாள் என்பதால் வாரத்துக்கொரு மேஸ்திரியாக 36 பேர், மாதத்துக்கொரு பெரிய மேஸ்திரியாக 12 பேர்.

ஆனால் மம்மி என்ற வகையில் அவன் உடல் நன்றாக அமையவில்லை. எண்ணெயும் பிசினும் அளவுக்கு மீறி ஊற்றியிருந்ததால் அவை இறுகி, உடல் சவப்பெட்டியோடும் தலை முகமூடியோடும் ஒட்டிக்கொண்டிருந்தன. கார்ட்டரின் குழு உடலைத் துண்டுகளாக வெட்டித்தான் எடுத்தது; தலையைப் பிரிக்கச் சூடேற்றிய கத்தி தேவைப்பட்டது. இதைச் சின்னக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டியதில்லை.

கல்லறையைத் திறந்தால் சாபமா?

துட்டன்காமுன் கல்லறையில் சாப வாசகம் எதுவுமே இல்லை. செலவுக்குப் பணம் கொடுத்த கார்னார்வன் பிரபு 1923 ஏப்ரல் 5 அன்று கெய்ரோவில் இறந்தார். கொசு கடித்த இடம் சவரம் செய்யும்போது வெட்டுப்பட்டு, புண் நச்சாகி, நிமோனியா வரை போயிற்று. கல்லறைச் செய்தியை முதலில் வெளியிடும் உரிமையை அவர் லண்டன் நாளிதழ் ஒன்றுக்கு மட்டும் விற்றிருந்தார். மற்றப் பத்திரிகைகளுக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. சாபம் கிடைத்தது, பிடித்துக்கொண்டன. சாபம் முதலில் தாக்கியிருக்க வேண்டிய கார்ட்டரோ 1939 வரை இருந்து 64 வயதில்தான் இறந்தார். கல்லறை திறக்கப்பட்டபோது உடனிருந்தவர்களின் ஆயுளை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அதில் சாபத்துக்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

வேறு சில பழைய கல்லறைகளில் எச்சரிக்கைகள் உண்டு, மறுப்பதற்கில்லை. ‘கல்லறைக்குத் தீங்கு செய்பவனை நீரில் முதலையும் நிலத்தில் பாம்பும் பார்த்துக்கொள்ளட்டும்’ என்ற பாணியில் இருக்கும்.

ஆளைத் தின்னும் கறுப்பு வண்டுகள்?

சாணி உருட்டும் வண்டு அது. மனிதனைத் தின்னாது. உருண்டையைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்த எகிப்தியருக்கு, சூரியனை வானத்தில் உருட்டும் கெப்ரி கடவுள் நினைவுக்கு வந்தார். மம்மியின் மார்பில் கல்லில் செதுக்கிய பெரிய வண்டு ஒன்றை வைப்பார்கள். மறுவுலகத்தில் இதயத்தைத் தராசில் ஒரு தட்டிலும் நீதியின் இறகை மறுதட்டிலும் வைத்து நிறுப்பார்கள் என்பது நம்பிக்கை. கனத்தால், முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் இதயத்தை விழுங்கிவிடும். வண்டின் அடியில் பொறித்த மந்திரம் இதயத்திடம் கேட்பது ஒன்றே ஒன்று: எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிடாதே.

பூனைகளையும் மம்மி ஆக்கினார்களா?

ஆக்கினார்கள், ஏராளமாக. பூனை, ஐபிஸ் பறவை, பருந்து, முதலை, நாய். செல்லப் பிராணியாக இருந்து எசமானோடு புதைந்தவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை நேர்த்திக்கடன். கோயிலுக்கு வருபவர் வாங்கிக் காணிக்கையாக வைப்பதற்கென்றே வளர்த்துக் கொன்று பதப்படுத்தியவை. மான்செஸ்டர் ஆய்வாளர்கள் 800-க்கும் மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்தபோது, மூன்றில் ஒரு பங்கில் விலங்கின் எச்சமே இல்லை. களிமண், குச்சி, நாணல், இறகு வைத்துச் சுற்றியிருந்தார்கள். தட்டுப்பாடா ஏமாற்றா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பிற்காலம் இன்னும் மோசம். 1890-ல் சுமார் 1,80,000 பூனை மம்மிகள் லிவர்பூலுக்குக் கப்பலில் போய் உரமாக அரைபட்டன.

மம்மி விழித்தால் நம்மோடு பேச முடியுமா?

மொழி இடிக்கும். எகிப்தியரின் பட எழுத்துகளைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியன் 1822-ல் படித்துக் காட்டினார். ஒரே செய்தியை எகிப்திய எழுத்திலும் கிரேக்கத்திலும் பொறித்த, 1799-ல் கிடைத்த ரொசெட்டா கல் அதற்குத் திறவுகோல். ஆனால் அந்த எழுத்தில் மெய்களைத்தான் எழுதினார்கள், உயிர்களை எழுதவில்லை. ‘துட்டன்காமுன்’ என்ற உச்சரிப்பே நம் வசதிக்காக. சொந்தப் பெயரை நாம் சொல்வது கேட்டால் அவனுக்குச் சிரிப்பு வரலாம். அந்த மொழியின் கடைசி வாரிசான காப்டிக், எகிப்தின் காப்டிக் திருச்சபை வழிபாட்டில் இன்றும் கேட்கிறது.

குரலைக் கேட்க முயன்றதும் உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் அருங்காட்சியகத்தில் நெஸ்யாமூன் என்ற பூசாரியின் மம்மி இருக்கிறது. அவருடைய தொண்டையை ஸ்கேன் செய்து, முப்பரிமாண அச்சில் வார்த்து, 2020-ல் ஓர் ஒலி எழுப்பினார்கள். ‘எ’ என்பது போல ஒரே ஓர் ஒலி. நாக்குத் தசை வற்றிவிட்டதால் அதற்கு மேல் பேச்சு வராது.

என் பெயரைப் பட எழுத்தில் எழுதித் தர முடியுமா?

ஒலிக்கு ஒரு குறி என்ற முறையில் முடியும். க் என்றால் கைப்பிடி வைத்த கூடை. வ், உ இரண்டுக்கும் காடைக் குஞ்சு. இ-க்கு ஒரு நாணல் இலை, ய்-க்கு இரண்டு. ன்-க்கு நீரலை, ம்-க்கு ஆந்தை, ர்-க்கு வாய், த்-க்கு ரொட்டி, அ-வுக்குக் கழுகு. ல்-க்குப் படுத்திருக்கும் சிங்கம். கிரேக்கப் பெயர்களை எழுத வேண்டி வந்தபோது இது கைகொடுத்தது. கவின் என்ற பெயருக்கு: கூடை, காடைக் குஞ்சு, நாணல், நீரலை. ழ, ள, ண மூன்றுக்கும் தனிக் குறி கிடையாது. யாழினிகள் ர்-ஐயோ ல்-ஐயோ வைத்துச் சமாளிக்க வேண்டியதுதான். உயிரினங்கள் எந்தப் பக்கம் முகம் காட்டுகின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். பெயரைச் சுற்றி நீள்வட்டம் போடுவது அரச குடும்பத்தின் உரிமை. வீட்டில் எல்லாரும் ராஜாதான், போட்டுக்கொள்ளலாம்.

மம்மி பிரமிடுக்குள்தானே இருக்கும்?

காலத்தைப் பொறுத்தது. கூஃபு மன்னரின் பெரிய பிரமிடு எழுந்து சுமார் 1,200 ஆண்டு கழித்து வந்தவன் துட்டன்காமுன். அதற்குள் அரசர்கள் பாறையைக் குடைந்த கல்லறைகளுக்கு மாறிவிட்டார்கள். எல்லாரும் பார்க்க மலைபோல் நிற்கும் பிரமிடு, திருடனுக்கு முகவரி கொடுப்பதுபோல் ஆயிற்றே.

ராம்செஸ் மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது உண்மையா?

உண்மை. இரண்டாம் ராம்செஸ் (இறப்பு கி.மு. 1213) மம்மியின் மூக்கில் மிளகு இருந்தது. மிளகின் தாயகம் தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலை. எத்தனை கை மாறி அங்கே போயிற்று என்பதற்கு எழுத்துச் சான்று கிடையாது. தமிழ் எழுத்தோடு நேரடிச் சான்று கிடைப்பது 1,200 ஆண்டுகள் கழித்து, ரோமானியர் காலத்தில். செங்கடல் துறைமுகமான குசேர் அல் காதிமில் ‘பானை ஒறி’ (உறியில் தொங்கவிட்ட பானை) என்று தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்தது. பெரெனிகே துறைமுகத்தில் இந்தியப் பானையொன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. இரண்டையும் ஒன்றாக்கி ‘ராம்செஸ் அவையில் தமிழர்’ என்று சுற்றும் செய்திகளைப் பிள்ளைகளுக்கு அனுப்ப வேண்டாம். இருக்கிற உண்மையே போதுமான அளவு சுவையானது.

அதே ராம்செஸ் 1976-ல் பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை பெறப் பாரிஸ் போனார். காமா கதிர் பாய்ச்சிச் சரிசெய்தார்கள். அவர் முகம் ஒட்டிய பாஸ்போர்ட் என்று இணையத்தில் உலவும் படம் பின்னாளில் ஒருவர் கற்பனையாகச் செய்தது.

நிஜ மம்மியை எங்கே பார்க்கலாம்?

சென்னையிலிருந்து ஓர் இரவு ரயிலில் போகலாம்: ஹைதராபாத் தெலங்கானா மாநில அருங்காட்சியகம். கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திலும் ஜெய்ப்பூர் ஆல்பர்ட் ஹாலிலும் உண்டு. 2020 ஆகஸ்டில் ஜெய்ப்பூரில் பெய்த பெருமழையில் அருங்காட்சியகத்துக்குள் வெள்ளம் புகுந்தபோது, ஊழியர்கள் கண்ணாடியை உடைத்து மம்மியைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். ஈராயிரம் ஆண்டு உலர்ந்திருந்த உடல் கெட்டுப்போகச் சில மணி நேரத் தண்ணீர் போதும்.

எகிப்தில் 2021 ஏப்ரல் 3 அன்று 18 மன்னர்களும் 4 அரசிகளுமாக 22 பேரை, நைட்ரஜன் நிரப்பிய பெட்டிகளில் வைத்து, அணிவகுப்போடு புதிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். துட்டன்காமுன் மட்டும் இன்னும் தன் கல்லறையிலேயே இருக்கிறான்.

ஆப்பிள் மம்மி செய்வது எப்படி?

ஓர் ஆப்பிள், தூள் உப்பு 250 கிராம், ஆப்ப சோடா 250 கிராம், ஒரே அளவில் நான்கு டம்ளர், கிராம் காட்டும் சமையல் தராசு. ஆப்பிளை நான்காக வெட்டி, தோலைச் சீவிவிடுங்கள். தோலில் உள்ள மெழுகு தண்ணீரை வெளியே விடாது. ஒவ்வொரு துண்டையும் நிறுத்து எடையை டம்ளரில் எழுதி ஒட்டுங்கள்.

முதல் டம்ளரில் துண்டு மட்டும். இரண்டாவதில் உப்பு 150 கிராம், மூன்றாவதில் சோடா 150 கிராம், நான்காவதில் இரண்டும் 75 கிராமாகக் கலந்தது. அடியில் ஒரு விரல் கனத்துக்குப் பொடி போட்டு, துண்டு டம்ளரின் சுவரைத் தொடாமல் வைத்து, முழுக்க மூடுங்கள். மேலே மெல்லிய துணி கட்டினால் போதும். மூடி போட்டால் ஈரம் உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும்.

மூன்றாம் நாள் பார்த்தால் துண்டைச் சுற்றிப் பொடி கட்டி தட்டியிருக்கும். அந்தக் கட்டியை எடுத்துவிட்டு அதே அளவு புதிதாகப் போடுங்கள். ஈரமான உப்பு மேலும் ஈரத்தை இழுக்காது. ஏழாம் நாள் எடுத்து, பழைய பல்துலக்கியால் தட்டிவிட்டு நிறுத்துப் பாருங்கள். தண்ணீரில் கழுவினால் ஒரு வார வேலை வீண். கணக்கு: 45 கிராம் துண்டு 25 கிராம் ஆனால் இழப்பு 20, 20-ஐ 45-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 44 சதவீதம்.

எங்கே கெடும்? ஆப்ப சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் வாங்கிவந்தால் கெடும். அதில் அமிலமும் மாவும் கலந்திருப்பதால் ஆப்பிள் ஈரம் பட்டதும் நுரைத்துக் களியாகும். இன்னொன்று பருவம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீர்விடத் தொடங்கும். கடற்கரை ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் இந்தச் சோதனை சரிப்படாது. சித்திரை, வைகாசி நல்ல காலம். சோடா பட்ட துண்டு பழுப்பாவது இயல்புதான். எடை இழப்பில் வெறும் உப்பு முந்தினாலும் சோதனை தப்பு என்று நினைக்க வேண்டாம். நேட்ரானில் உள்ள சோடாவுக்கு இன்னொரு வேலை கொழுப்பைச் சோப்பாக மாற்றிச் சிதைப்பது. ஆப்பிளில் கொழுப்பு இல்லை. நேட்ரானில் இருக்கிறதே என்று சலவை சோடாவை (சோடியம் கார்பனேட்) பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தோலையும் கண்ணையும் அரிக்கும். முடிந்ததும் குப்பையில் போட வேண்டும், சாப்பிடக் கூடாது.

மாறுவேடப் போட்டிக்கு மம்மி உடை?

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பழைய நாலுமுழ வேட்டி ஒன்று போதும். புதியது என்றால் கஞ்சி போகத் துவையுங்கள், இல்லையேல் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். இரண்டு லிட்டர் தண்ணீரில் எட்டு டீஸ்பூன் தேயிலைத்தூள் கொதிக்கவைத்து வடிகட்டி, வேட்டியை இருபது நிமிடம் ஊறவைத்து, பிழிந்து காயப்போடுங்கள். மூவாயிரம் ஆண்டுப் பழுப்பு வந்துவிடும். பிறகு நீளவாக்கில் 6 செ.மீ. அகலக் கீற்றுகளாகக் கையால் கிழியுங்கள்; கத்தரித்தால் ஓரம் நேராக வந்து புதுத்துணி போல் தெரியும். சுமார் 20 கீற்று, 40 மீட்டர் கிடைக்கும். சுற்றுவதற்கு 25 மீட்டர் போதும், மிச்சம் தொங்கவிட.

உடம்பின் மேல் நேரடியாகச் சுற்றாதீர்கள். மேடை ஏறுவதற்குள் நழுவிவிடும், அவசரத்துக்குக் கழிப்பறைக்கும் போக முடியாது. பழைய வெள்ளை டி-ஷர்ட்டிலும் லெக்கின்ஸிலும் கீற்றுகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஒரு முனையை மட்டும் தைத்து விடுங்கள். முழங்காலிலும் முழங்கையிலும் தைக்க வேண்டாம், மடக்கும்போது நூல் அறும். டிஷ்யூ பேப்பர் வியர்வையில் கிழிந்துவிடும். மருந்துக் கடை கிரேப் பேண்டேஜ் இழுபடும் தன்மையால் இறுகிக்கொண்டே போகும், இரண்டுமே வேண்டாம். தலைக்கு ஒரு தொப்பியில் கீற்றுகளைத் தைத்துக்கொள்ளலாம். கழுத்தைச் சுற்றி எதுவும் கட்டக் கூடாது, மூக்கும் வாயும் திறந்திருக்க வேண்டும். தொங்கும் நுனிகள் முழங்காலுக்கு மேலேயே நிற்கட்டும், காலில் மாட்டினால் மேடையிலேயே விழுவார்கள். நடுவர் கவனிக்க வேண்டுமென்றால், கைகளை முன்னால் நீட்டாமல் மார்பில் குறுக்காக மடித்து நிற்கச் சொல்லுங்கள். வலக்கை இடக்கைக்கு மேலே.